தூய காற்றுக்கான அரசு நிதியைப் பங்கிடும் முறை: மாநகராட்சிகளுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வழிகாட்டி

2019 ஜனவரியில் தொடங்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் வழியாகவும் 15-வது நிதிக்குழு மானியத்தின் வழியாகவும் இந்தியாவின் 131 நகரங்களுக்கு 2024 மே மாதத் தொடக்கம் வரை விடுவிக்கப்பட்ட தொகை 10,566 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சிராப்பள்ளி, தூத்துக்குடி ஆகிய நான்கு நகரங்கள் இந்தப் பட்டியலில் உள்ளன. டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் இந்தச் செலவை ஆராய்ந்தபோது, அதில் 64 விழுக்காடு சாலைப் புழுதியைக் கட்டுப்படுத்துவதற்கே போயிருந்தது தெரியவந்தது. குப்பை, விறகு, சருகு போன்றவற்றின் எரிப்பைத் தடுக்க 14.51 விழுக்காடும், வாகனப் புகையைக் குறைக்க 12.63 விழுக்காடும் செலவாகியிருந்தன. தொழிற்சாலைப் புகைக்குச் செலவானது 0.61 விழுக்காடு மட்டுமே.

நுரையீரலின் அடியாழம் வரை சென்று இரத்தத்தில் கலக்கும் நுண்துகள்களில் பெரும்பகுதி எரிப்பிலிருந்து வருகிறது. நிலக்கரி, டீசல், விறகு, குப்பை என எதை எரித்தாலும் அது வரும். அப்படியிருக்க, மூன்றில் இரண்டு பங்குப் பணம் புழுதிக்குப் போவது காற்றுத் தர மேலாண்மையின் மிகப் பெரிய பிழை என்றே நான் கருதுகிறேன். பணம் போதவில்லை என்பது உண்மைதான், ஆனால் கையிலிருக்கும் பணம் எளிதில் செலவாகும் இடத்துக்கே போகிறது என்பது அதைவிட முக்கியமான உண்மை. நோயை உண்டாக்கும் மூலத்தை நோக்கி நிதியைத் திருப்புவது எப்படி என்பதை, மாநகராட்சி ஆணையர், மாவட்ட ஆட்சியர், மாமன்ற உறுப்பினர், சுற்றுச்சூழல் பொறியாளர் ஆகியோருக்கும், அவர்களிடம் கணக்குக் கேட்க விரும்பும் குடிமக்களுக்கும் பயன்படும் வகையில் இங்கே விளக்குகிறேன்.

பணம் ஏன் புழுதியைத் தேடிப் போகிறது

இதற்கு யாருடைய தீய எண்ணமும் காரணமன்று; திட்டத்தின் அமைப்பே காரணம். மானியம் மாநகராட்சியின் கணக்குக்கு வருகிறது. மாநகராட்சியின் அதிகாரத்தில் இருப்பவை சாலை, நடைபாதை, பூங்கா, குப்பை ஆகியவையே. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும், பேருந்துப் பணிமனையும், கனரக வாகனங்களின் அனுமதிச் சீட்டும் அதன் கையில் இல்லை. ஆகவே தன் அதிகாரத்துக்கு உட்பட்ட மூலத்துக்கே அது செலவிடுகிறது.

அடுத்த காரணம் மதிப்பெண். நகரங்களின் செயல்பாடு பெரும்பாலும் பி.எம்.10 எனப்படும், 10 மைக்ரான் வரை விட்டமுள்ள துகள்களின் ஆண்டுச் சராசரியைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. புழுதியின் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்த பெரிய துகள்கள் என்பதால், அதைக் குறைத்தால் மதிப்பெண் ஏறுகிறது. மதிப்பெண் ஏறினால் அடுத்த தவணை கிடைக்கிறது. 2.5 மைக்ரானுக்குக் குறைவான பி.எம்.2.5 துகள்களே உடலுக்கு அதிகக் கேடு செய்பவை என்றாலும், அவற்றைக் குறைத்ததற்குத் தனிப் பரிசு இல்லை.

மூன்றாவது காரணம் நிதியாண்டு. மார்ச் 31-க்குள் பணத்தைச் செலவிட்டுப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பினால்தான் அடுத்த தவணை வரும் என்ற நெருக்கடியில், ஜனவரி மாதத்தில் அதிகாரிகளுக்குக் கண்ணில் படும் ஒரே வழி இயந்திரம் வாங்குவது. ஒப்பந்தப்புள்ளி கோரலாம், பட்டியல் தொகையைச் செலுத்தலாம், படம் எடுத்து அறிக்கையில் இணைக்கலாம். நூறு சிற்றுணவகங்களின் விறகடுப்பை எரிவாயுவுக்கு மாற்றும் வேலையை இரண்டு மாதத்தில் முடிக்க இயலாது.

இந்த மூன்று காரணங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டே ஒதுக்கீட்டை வகுக்க வேண்டும். இவற்றைக் கணக்கில் கொள்ளாத எந்தத் திட்டமும் ஆண்டு முடிவில் மீண்டும் சாலை கூட்டும் துடைப்ப வண்டி வாங்குவதில் வந்து நிற்கும்.

மூலங்களைக் கணக்கெடுத்தல்

எந்த மூலத்திலிருந்து எவ்வளவு மாசு வருகிறது என்று தெரியாமல் ஒரு ரூபாயும் ஒதுக்கக் கூடாது. இதை அறிய இரண்டு வழிகள் உண்டு. நகரிலுள்ள வாகனங்கள், கொதிகலன்கள், டீசல் மின்னாக்கிகள், அடுப்புகள், எரிக்கப்படும் குப்பை ஆகியவற்றின் அளவை எண்ணி, ஒவ்வொன்றும் வெளியிடும் மாசைக் கணக்கிடும் உமிழ்வுக் கணக்கெடுப்பு முதலாவது. காற்றிலிருந்து வடிதாளில் பிடித்த துகள்களை வேதியியல் முறையில் பகுத்து, அவை எங்கிருந்து வந்தன என்று பின்னோக்கிக் கண்டறியும் மூலப் பகுப்பாய்வு இரண்டாவது. பின்னதற்கு எல்லாப் பருவங்களையும் உள்ளடக்கி ஓராண்டாவது மாதிரி எடுக்க வேண்டும் என்பதால், ஒரு பல்கலைக்கழகத்தோடோ ஐ.ஐ.டி.யோடோ ஒப்பந்தம் செய்துகொள்வது நல்லது.

இரண்டும் தேவை, ஏனென்றால் கணக்கெடுப்பு மட்டும் இருந்தால் ஒரு பெரிய மூலம் கண்ணுக்குத் தப்பிவிடும். நிலக்கரியை எரிக்கும்போது வரும் கந்தக டைஆக்சைடு வாயுவாகவே புகைபோக்கியை விட்டு வெளியேறுகிறது. பின்னர் காற்றிலே வேதிமாற்றம் அடைந்து சல்பேட் நுண்துகளாகிறது. வாகனங்களின் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சாக்கடை, குப்பைமேடு, கால்நடைத் தொழுவம் ஆகியவற்றிலிருந்து எழும் அம்மோனியாவும் சேர்ந்து அம்மோனியம் நைட்ரேட் துகளாகின்றன. துகளாக வெளிவருவதை மட்டும் எண்ணும் பட்டியலில் இவை இடம்பெறுவதே இல்லை. வடிதாளில் உள்ள துகளைப் பகுத்தால்தான் இவற்றின் பங்கு தெரியும்.

பகுப்பாய்வு முடியும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஆலைகள் இயங்க மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதியான இசைவாணையின் பதிவேட்டில் ஒவ்வொரு தொழிற்சாலையின் எரிபொருளும் கொதிகலன் திறனும் இருக்கின்றன. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாகனங்களின் வயது இருக்கிறது. துப்புரவு ஆய்வாளர்களை ஒரு நாள் கூட்டிவைத்துக் கேட்டால், தம் வட்டத்தில் (வார்டில்) எந்த முனையில் எந்த நேரத்தில் குப்பை எரிகிறது என்பதைக் காகிதமே பார்க்காமல் சொல்வார்கள். இந்த மூன்றையும் ஒரு வரைபடத்தில் குறித்தால், முதலாண்டு ஒதுக்கீட்டுக்குப் போதுமான அடிப்படை கிடைத்துவிடும்.

எதற்கு முன்னுரிமை: கணக்கிடும் முறை

திட்டங்களை வரிசைப்படுத்தும்போது, எத்தனை டன் துகள் குறையும், அதற்கு எவ்வளவு செலவாகும் என்று மட்டும் பார்ப்பது வழக்கம். அது போதாது. கணக்குப் பழகுவதற்காக இரண்டு கற்பனைத் திட்டங்களை எடுத்துக்கொள்வோம். முதல் திட்டம் 10 கோடி ரூபாயில் ஆண்டுக்கு 100 டன் சாலைப் புழுதியைக் குறைக்கிறது. இரண்டாவது திட்டம் 8 கோடி ரூபாயில் 40 டன் குப்பைப் புகையைக் குறைக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் முதலாவதில் டன்னுக்கு 10 லட்சமும் இரண்டாவதில் 20 லட்சமும் ஆகின்றன. எனவே முதலாவதே மலிவு என்று கோப்பில் எழுதிவிடுவார்கள்.

ஆனால் சாலைப் புழுதியில் பி.எம்.2.5 ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். புகையிலோ பெரும்பகுதி அதுவே. பத்தில் ஒன்பது பங்கு என்று வைத்துக்கொள்வோம். அப்போது முதல் திட்டம் 25 டன் நுண்துகளையும் இரண்டாவது 36 டன் நுண்துகளையும் குறைக்கின்றன. டன்னுக்கு ஆகும் செலவு முதலாவதில் 40 லட்சமாகவும் இரண்டாவதில் 22 லட்சமாகவும் மாறி, வரிசையே தலைகீழாகிறது. ஒதுக்கீட்டுக் குறிப்பில் ஒவ்வொரு திட்டத்துக்கும் நேராக பி.எம்.10, பி.எம்.2.5 இரண்டின் அளவையும் தனித்தனியே குறிக்க வேண்டும் என்று ஒரு விதி செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்து, அந்தத் துகளை யார் சுவாசிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். உயரமான புகைபோக்கியிலிருந்து வெளிவரும் ஒரு டன் புகை பல மைல் தூரம் பரவி மெலிகிறது. குடியிருப்புத் தெருவின் முனையில் எரியும் குப்பையிலிருந்து எழும் ஒரு டன் புகையோ அருகிலுள்ள வீடுகளின் சன்னல் வழியே நேராக உள்ளே நுழைகிறது. எடை ஒன்றாக இருந்தாலும் உள்மூச்சில் போகும் அளவு பல மடங்கு வேறுபடும். ஆகவே தெரு மட்டத்தில், மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் நடக்கும் எரிப்புக்குக் கூடுதல் மதிப்பெண் தர வேண்டும். அதற்காக உயர்ந்த புகைபோக்கியை விட்டுவிடலாம் என்பதில்லை. மணலி, எண்ணூர், அத்திப்பட்டு வட்டாரம்போல் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் அனல்மின் நிலையமும் ஒன்றையொன்று ஒட்டியிருக்கும் இடத்தில், காற்று எந்தத் திசையில் அடித்தாலும் ஏதோ ஓர் ஆலையின் புகை ஏதோ ஒரு குடியிருப்பின்மேல் படிகிறது. அங்கே வாழும் மீனவர்களும் கூலித் தொழிலாளர்களும் நகரின் மின்சாரத்துக்கும் எரிபொருளுக்கும் தங்கள் உடல்நலத்தால் விலை கொடுப்பவர்கள் என்பதால், வட்டாரவாரியான ஒதுக்கீட்டில் அவர்களுக்கு முதலிடம் தருவது நியாயம். நகரம் முழுவதற்கும் ஒரே சராசரியைப் போட்டால் இந்த அநீதி எண்களுக்குள் மறைந்துபோகும்.

கடைசியாக, செலவை ஆண்டுக் கணக்கில் பார்க்க வேண்டும். ஓர் இயந்திரத்தின் விலையை அது உழைக்கும் ஆண்டுகளால் வகுத்து, அதனோடு ஓட்டுநர் சம்பளம், டீசல், உதிரிப் பாகம் ஆகியவற்றைக் கூட்டினால்தான் உண்மையான செலவு தெரியும். வாங்கும் விலையை மட்டும் பார்த்து ஒப்பிடுவதால்தான் மூன்றாம் ஆண்டில் பணிமனைகளில் வண்டிகள் துருப்பிடித்து நிற்கின்றன.

அளவீட்டுக்கு எவ்வளவு ஒதுக்குவது

தொடர் கண்காணிப்பு நிலையம் ஒன்றை அமைக்க ஒரு கோடி ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஆனால் அதை ஆண்டு முழுவதும் சரியாக இயங்க வைப்பதற்கான பராமரிப்பு ஒப்பந்தத்தையும் அளவுத்திருத்தச் செலவையும் பெரும்பாலும் யாரும் எழுதிவைப்பதில்லை. காற்றுத் தரக் குறியீட்டைக் கணக்கிட ஒரு நாளில் குறைந்தது 16 மணி நேரத் தரவு வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதி. மின்வெட்டாலோ பழுதாலோ நிலையம் அடிக்கடி நின்றால் அன்றைய நாளே கணக்கில் வராது. மாசு மிகுந்த நாள்களில் இவ்வாறு தரவு விடுபட்டால் ஆண்டுச் சராசரி பொய்யாகக் குறைந்து தோன்றும். எனவே புதிய நிலையத்துக்கு நிதி கேட்கும் ஒவ்வொரு கோப்பிலும் ஐந்தாண்டுப் பராமரிப்புத் தொகை சேர்ந்தே இருக்க வேண்டும்.

ஆள் வைத்து இயக்கும் நிலையங்களின் நிலையை அருகில் சென்று பார்த்தால் இதன் அவசியம் விளங்கும். வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள் என்பது அவற்றின் கணக்கு. மொட்டை மாடியில் இருக்கும் உறிஞ்சு கருவியில் எட்டு மணி நேரத்துக்கு ஒரு வடிதாள் மாற்ற வேண்டும். மாற்றிய தாளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் ஒரு நாள் வைத்து, அதன் பிறகே நுண்தராசில் நிறுக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்த ஒரு நாள் காத்திராமல் நிறுத்தால் தாள் உறிஞ்சிய ஈரமும் துகளின் எடையாகப் பதிவாகிவிடும். இரவு ஷிப்டில் தாள் மாற்றும் ஒப்பந்தப் பணியாளரின் ஊதியமும், ஆய்வகத்தின் ஈரநீக்கியும் வரவு செலவுத் திட்டத்தின் மிகச் சிறிய வரிகள். நகரின் மொத்தக் கணக்கும் அந்தச் சிறிய வரிகளின் மேல்தான் நிற்கிறது.

மலிவு விலை உணரிகள் கிடைக்கின்றன. மாசு மிகுந்த முனைகளைக் கண்டறிய அவற்றைப் பயன்படுத்தலாம். தரநிலையோடு ஒப்பிடும் கணக்குக்கு அவற்றை நம்பக் கூடாது.

ஆட்களுக்கான செலவே முதல் செலவு

1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் மாநில வாரியங்களுக்குக் கணிசமான அதிகாரம் தந்திருக்கிறது. ஆனால் நாடு முழுவதும் அந்த வாரியங்களில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழப் பாதி காலியாகவே கிடந்துவருகின்றன. ஒரு பொறியாளர் நூற்றுக்கணக்கான ஆலைகளுக்குப் பொறுப்பாக இருக்கும்போது, இசைவாணையைப் புதுப்பிக்கும் கோப்புகளிலேயே அவருடைய ஆண்டு கரைந்துவிடுகிறது. இரவில் மாசுக்கட்டுப்பாட்டுக் கருவியை நிறுத்திவிட்டு ஓடும் ஆலையைப் பிடிக்க அவருக்கு நேரமும் இல்லை, வாகனமும் இல்லை.

மூலதனச் செலவுக்குத் தாராளமாகக் கையெழுத்திடும் நிதித்துறை, பணியிடம் நிரப்பக் கேட்டால் தயங்குகிறது. ஊதியமும் ஓய்வூதியமும் நிரந்தரச் சுமை என்பது அதன் வாதம். இந்த வாதத்தை எண்களாலேயே எதிர்கொள்ள வேண்டும். ஓர் ஆய்வுக் குழு கண்காணிப்பதால் ஆலைகள் தம் சொந்தப் பணத்தில் வடிகட்டிகளை இயக்குகின்றன. அரசின் ஒரு ரூபாய் தனியாரின் பல ரூபாயை மாசுக்கட்டுப்பாட்டில் இறக்குகிறது. இதற்கு இந்தியாவிலேயே நல்ல சான்று உண்டு. 2019-இல் குஜராத்தின் சூரத் நகரில், நிலக்கரி எரிக்கும் சுமார் 300 ஆலைகளுக்கு இடையே துகள் உமிழ்வு உரிமைச் சந்தை ஒன்று தொடங்கப்பட்டது. மொத்த உமிழ்வுக்கு ஓர் உச்சவரம்பு விதித்து, புகைபோக்கிகளில் தொடர் அளவீட்டுக் கருவிகளைப் பொருத்தி, வரம்புக்குள் உரிமைகளை வாங்கவும் விற்கவும் ஆலைகளை அனுமதித்தனர். இதில் சேர்ந்த ஆலைகளின் துகள் உமிழ்வு 20 முதல் 30 விழுக்காடு குறைந்தது. அங்கே அரசு கவனம் செலுத்தியது அளவீட்டிலும் கண்காணிப்பிலும்தான். திருப்பூர், கரூர், ராணிப்பேட்டைபோல் கொதிகலன்கள் நெருங்கியிருக்கும் ஊர்களுக்கு இது பொருந்தும் என்பது என் கருத்து; ஆனால் புகைபோக்கிக் கருவி தரும் எண்ணைச் சரிபார்க்கத் தெரிந்த ஆட்கள் முதலில் இருக்க வேண்டும்.

ஆகவே ஆண்டு ஒதுக்கீட்டில் ஆட்கள், ஆய்வகம், பராமரிப்பு ஆகியவற்றுக்கு உரியதை முதலில் எடுத்துவைத்துவிட்டு, மீதியையே இயந்திரங்களுக்குப் பங்கிடுங்கள். நிரந்தரப் பணியிடத்துக்கு அனுமதி கிடைக்கும் வரை, மாநகராட்சியிலேயே ஒரு சுற்றுச்சூழல் பொறியாளரையும் ஒரு தரவுப் பகுப்பாய்வாளரையும் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அமர்த்தலாம்.

புழுதிக்குச் செலவிடுவதானால்

புழுதியை அறவே விட்டுவிடச் சொல்லவில்லை. கட்டுமானமும் சாலை வெட்டும் ஓயாமல் நடக்கும் நகரங்களில் அது தொல்லைதான். ஆனால் அதை வாரும் செலவைவிட, அது சாலைக்கு வராமல் தடுக்கும் செலவு குறைவு.

சென்னையில் எந்தத் தெருவிலும் இதைக் காணலாம். பருவமழைக்கு முன் மழைநீர் வடிகாலைத் தூர்வாரும்போது அள்ளிய சேற்றை அதன் ஓரத்திலேயே குவித்து, நீர் வடியட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். வெயிலில் அது காய்ந்து, பேருந்துச் சக்கரத்தில் அரைபட்டு, மாவாகிப் பறக்கிறது. பிறகு அந்த மாவைக் கூட்ட இரவில் இயந்திரத் துடைப்ப வண்டி வருகிறது. வண்டியின் தூரிகை சாலையோரக் கல்லை ஒட்டிச் சுழல வேண்டும், ஏனென்றால் புழுதி அந்த ஓரத்தில்தான் சேர்கிறது. அங்கே கார்கள் வரிசையாக நிற்பதால் வண்டி நடுச்சாலையைக் கூட்டிக்கொண்டு போகிறது. அள்ளிய மண்ணைக் கொட்டுவதற்குத் தனி இடம் ஒதுக்கப்படாவிட்டால், அது அருகிலுள்ள காலி மனையில் விழுந்து அடுத்த காற்றில் திரும்பிவருகிறது.

சேற்றை அன்றே மூடிய வண்டியில் அகற்ற வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைத் தூர்வாரும் ஒப்பந்தத்தில் சேர்த்து, அதற்கான தொகையையும் கொடுத்தால் இந்தச் சுற்று முழுவதும் நின்றுவிடும். அதுபோலவே, குடிநீர், மின்சாரம், தொலைத்தொடர்பு ஆகியவற்றுக்காகத் தோண்டும் அனுமதிகளை ஒரே கால அட்டவணையில் ஒருங்கிணைப்பதும், தார் போடாத சாலையோரத்தைக் கல் பாவி மூடுவதும், கட்டுமான இடத்தின் வாசலில் லாரிச் சக்கரம் கழுவும் தொட்டி அமைக்க உரிமையாளரைக் கட்டாயப்படுத்துவதும் வண்டி வாங்குவதைவிட அதிகப் பயன் தரும். இவற்றுக்குப் பின்னும் தேவை இருந்தால் வண்டி வாங்குங்கள். வாங்கும்போது, வாகனம் நிறுத்தத் தடை செய்யும் இரவு நேர அட்டவணையும் மண் கொட்டும் இடமும் அதே கோப்பில் இருக்கட்டும்.

குப்பை எரிப்பும் பருவகாலச் செலவும்

மாநகராட்சியின் முழு அதிகாரத்துக்குள் இருக்கும் எரிப்பு மூலம் குப்பைதான். 2022 ஏப்ரலில் சென்னையின் பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றி எரிந்து, சுற்றிலுமுள்ள குடியிருப்புகள் நாள்கணக்கில் புகையில் மூழ்கின. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் பணி பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் நடப்பது காற்றுக்கும் நல்லதே என்பதால், அந்தச் செலவைத் திடக்கழிவுத் தலைப்பிலேயே முடக்காமல் காற்றுத் திட்டத்தோடு இணைத்துப் பார்க்க வேண்டும். தெருக் குப்பை எரிவதற்கோ மிக எளிய காரணம் இருக்கும்: வண்டி வரவில்லை, அல்லது சருகுக்கு இடமில்லை. தண்டம் விதிக்கும் முன், வட்டத்துக்கு ஒரு சருகு உரக்குழியும் வேளை தவறாத வண்டியும் கொடுத்தாக வேண்டும்.

போகிக்குச் சில நாள் முன்பாகவே பழைய டயர், துணி, பாய் ஆகியவற்றை வீடு வீடாகச் சேகரிக்கும் பணியைச் சென்னை மாநகராட்சி செய்துவருகிறது. குளிர்ந்த, காற்றசையாத மார்கழி விடியலில் புகை தரையோடு படிந்து நிற்கும் என்பதால், அந்தச் சிறு தொகைக்குக் கிடைக்கும் பலன் பெரிது. இத்தகைய பருவகாலப் பணிக்கென ஒரு பகுதியை நவம்பரிலேயே வட்டார அலுவலர்களின் கையில் கொடுத்துவிட வேண்டும். தலைமை அலுவலக ஒப்புதலுக்குக் காத்திருந்தால் பொங்கலே முடிந்துவிடும்.

எல்லை தாண்டிய மூலங்கள்

பேருந்து, அனல்மின் நிலையம், துறைமுக லாரிகள் ஆகியவை மாநகராட்சிக்கு வெளியே நிற்பவை. இங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: மற்றத் துறைகளின் வரவு செலவுத் திட்டத்தையும் காற்றுக்கான திட்டமாகப் படிக்க வேண்டும். 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறையில் இருக்கிறது. அதற்கான மானியம் சமூக நலச் செலவாகவே பேசப்பட்டாலும், இருசக்கர வாகனத்துக்கு மாறிவிடாமல் மக்களைப் பேருந்திலேயே தக்கவைப்பதால் அது காற்றுக்கான செலவும் ஆகும். அதே வழியில், பேருந்துகளின் எண்ணிக்கையை உயர்த்தும் கோரிக்கைக்குக் காற்றுத் தரக் குழுவின் பரிந்துரையும் துணைநின்றால் நிதித்துறையில் அதன் எடை கூடும். மாநகராட்சி தன் மானியத்தில் ஒரு பகுதியை நேரடியாகவே நிறுத்தங்களுக்கும் நடைபாதைக்கும் செலவிடலாம்; நடந்து போக முடியாத தெருவில் பேருந்துக்கு யாரும் வருவதில்லை.

அனல்மின் நிலையங்களைப் பொறுத்தவரை, 2015 டிசம்பரில் கந்தக டைஆக்சைடுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. பலமுறை கெடு நீட்டிக்கப்பட்டு, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே அளிக்கப்பட்டுவிட்டது. இது வருந்தத்தக்க முடிவு. எனினும் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களை ஒட்டிய நிலையங்களுக்கு முழு விலக்கு இல்லை என்பதால், வடசென்னைபோன்ற இடங்களில் மாநில அரசு தன் மின் நிறுவனத்தின் மூலதனத் திட்டத்தில் இதற்கான தொகையைத் தனி வரியாகக் காட்டச் சொல்லிக் கேட்க இடமிருக்கிறது.

நிதிக்கு இன்னொரு வழியும் உண்டு. விதிமீறும் ஆலைகளிடம் வசூலிக்கும் சுற்றுச்சூழல் இழப்பீடு, ஆலையின் மாசுக் குறியீடு, மீறல் நீடித்த நாள்கள், ஆலையின் அளவு, அருகிலுள்ள மக்கள்தொகை ஆகியவற்றைப் பெருக்கிக் கணக்கிடப்படுகிறது. வசூலான தொகை பல மாநிலங்களில் செலவாகாமல் வங்கிக் கணக்கில் தேங்கிக் கிடக்கிறது. எந்த வட்டாரத்து மீறலுக்காக வசூலானதோ அந்த வட்டாரத்து மக்களுக்கே அது போய்ச் சேர வேண்டும் என்ற தீர்மானத்தை மாமன்றங்கள் நிறைவேற்றி வாரியத்துக்கு அனுப்பலாம்.

பணத்தை வீணாக்கும் திட்டங்கள்

திறந்தவெளிக் காற்றை வடிகட்டும் கோபுரங்களுக்குப் பணம் தராதீர்கள். 2021-இல் டெல்லியின் கன்னாட் பிளேசில் 20 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு நிறுவிய கோபுரம் சில நூறு மீட்டருக்கு அப்பால் சொல்லத்தக்க பயன் தரவில்லை. பிறகு பலகாலம் பூட்டியே கிடந்தது. நகரின் மேல் நகர்ந்துகொண்டேயிருக்கும் காற்றுத் திரள் முழுவதையும் வடிகட்ட எந்த இயந்திரத்தாலும் இயலாது. வானில் தண்ணீர் பீய்ச்சும் பீரங்கி வண்டிகளும் இதே வகையைச் சேர்ந்தவை. கண்காணிப்பு நிலையத்தைச் சுற்றியே அவற்றை ஓட்டுவது எண்ணைக் குறைக்கும், நோயைக் குறைக்காது. இப்படிப்பட்ட முன்மொழிவு வரும்போது, எந்த மூலத்தின் உமிழ்வு இதனால் குறைகிறது என்ற ஒரே கேள்வியைக் கோப்பில் எழுதித் திருப்பி அனுப்புங்கள்.

பயனை மதிப்பிடுதல்

இந்தியத் தரநிலைப்படி பி.எம்.2.5-இன் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த அளவு 5. கடற்கரை நகரங்கள் தேசிய அளவுக்குள் வந்துவிட்டதால் நிம்மதி அடைவது தவறு, ஏனென்றால் கேடு 40-க்குக் கீழும் தொடர்கிறது.

ஓர் ஆண்டோடு அடுத்த ஆண்டை ஒப்பிட்டு வெற்றி என்றும் தோல்வி என்றும் அறிவிக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழை நீண்டு பெய்தால், யாரும் எதையும் செய்யாமலே சராசரி இறங்கும். மழை பொய்த்தால் நல்ல திட்டமும் பழி சுமக்கும். மூன்றாண்டுச் சராசரியைக் கொள்வதும், காற்று வேகம், மழை ஆகியவற்றின் தாக்கத்தை நீக்கிக் கணக்கிடுவதும் முறையானது. அதனோடு, காற்றின் தரம் மாறக் காலம் பிடிக்கும் என்பதால், இடைநிலை அளவைகளையும் வையுங்கள்: மாற்றிய கொதிகலன்கள், நின்றுபோன எரிப்பு முனைகள், தரவு விடுபடாத நாள்கள், நிரப்பிய பணியிடங்கள்.

பெரிய அளவில் நிதியைச் சரியான மூலத்தின்மேல் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பெய்ஜிங் சான்று. அந்நகரின் காற்றுக்கான ஆண்டு ஒதுக்கீடு 2013-இல் 300 கோடி யுவானாக இருந்து 2017-இல் 1,800 கோடி யுவானாக உயர்ந்தது. அதே காலத்தில் பி.எம்.2.5 சராசரி 89.5-லிருந்து 58 மைக்ரோகிராமாக இறங்கியது. நிலக்கரிக் கொதிகலன்களை மாற்றியதும், வீட்டு அடுப்புகளுக்குத் தூய எரிபொருள் கொடுத்ததும், தொழில்களைச் சீரமைத்ததும் அந்த இறக்கத்தின் பெரும்பங்குக்குக் காரணம். ஒதுக்கீட்டை ஆறு மடங்காக்க நம் நகரங்களால் இயலாது. எந்த மூலத்திலிருந்து தொடங்குவது என்பதை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நடுவாண்டு மறுபங்கீடும் மானியம் நின்ற பிறகும்

அக்டோபரில் ஒரு மறுஆய்வுக் கூட்டம் கட்டாயம் வேண்டும். அதற்குள் ஒப்பந்தப்புள்ளி கோராத திட்டத்தின் தொகையை, தயாராக இருக்கும் திட்டத்துக்கு மாற்றும் அதிகாரத்தை மாமன்றத் தீர்மானத்தின் வழியாக ஆணையருக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டால், ஜனவரியில் அவசரமாக இயந்திரம் வாங்க வேண்டியிராது. இதற்கு, நிலமும் மதிப்பீடும் ஒப்புதலும் முடிந்த சில திட்டங்கள் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். உணவகங்களின் அடுப்பு மாற்றம், பள்ளிகளைச் சுற்றியுள்ள நடைபாதை, உரக்குழிகள் போன்றவை அதற்கு ஏற்றவை. வட்டவாரியான செலவையும் அளவீட்டையும் தமிழில் மாநகராட்சியின் இணையதளத்தில் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிட்டால், தன் வட்டத்துக்கு வந்த தொகையைத் தேடிப் பார்த்துக் கேள்வி கேட்க மாமன்ற உறுப்பினருக்கும் வாக்காளருக்கும் வழி பிறக்கும்.

15-வது நிதிக்குழுவின் காலம் 2025-26 நிதியாண்டு வரைதான். அந்த மானியத்தில் வாங்கியவற்றுக்கான பராமரிப்பும், அமர்த்திய ஆட்களுக்கான ஊதியமும் எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்பதை ஒவ்வொரு நகரமும் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். கண்காணிப்பு நிலையங்களின் பராமரிப்பை வாரியத்தின் இசைவாணைக் கட்டண வருவாயிலும், சருகு உரக்குழிகளையும் குப்பை வண்டிகளையும் மாநகராட்சியின் திடக்கழிவுத் தலைப்பிலும், பொறியாளர் ஊதியத்தை நகராட்சி நிர்வாகத் துறையின் வழக்கமான மானியக் கோரிக்கையிலும் சேர்த்துவிடலாம். மாநில அரசின் மானியக் கோரிக்கைகளுக்கான முன்மொழிவுகள் பிப்ரவரிக்கு முன்பே துறைகளிலிருந்து போய்விடுகின்றன என்பதால், இந்தக் கடிதங்கள் டிசம்பரிலேயே கையெழுத்தாகிச் செல்ல வேண்டும்.